மெல்லிய மேல்பூச்சு

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



இன்றைய சிந்தனைக்கு நாம் எடுத்துக்கொள்வது ஒரு மெஷினை. கார் பெயிண்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் பாலிஷ் மெஷின். மறையுரையில் இதெல்லாமா என்று யாரும் வியக்க வேண்டாம். விதைப்பவரையும், வலை வீசுபவரையும், மாவில் புளிப்பு சேர்க்கும் பெண்ணையும் சொல்லித்தான் ஆண்டவர் போதித்தார். அன்று மக்களின் கையில் எது இருந்ததோ அதை எடுத்துப் பேசினார். இன்று நம் கொங்கு நாட்டு வாசல்களில் ஆடு நிற்கிறதோ இல்லையோ, ஒரு வண்டி நிற்கிறது.

மெஷின் நமக்கு அந்நியமும் அல்ல. 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார் ஜி.டி. நாயுடு. அவர் குடும்பத்தார் சேர்த்துவைத்த பழைய கார்கள் கோவை அவினாசி சாலையில் ஓர் அருங்காட்சியகமாக நிற்கின்றன. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்போம். பார்த்துவிட்டு வெளியே வந்து, வெயிலில் நிற்கும் நம் வண்டியின் பானெட்டைப் பார்த்தால் ஒரு கேள்வி வரும். தாத்தா காலத்து வண்டி அங்கே கண்ணாடிபோல் மின்னுகிறது. நம் வண்டி பத்து வருடத்திலேயே இப்படி வெளுத்துப்போனதே, ஏன்?

காரணங்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். கொடுமுடியில் காவிரி ஓடினாலும், பல வீடுகளில் வண்டி கழுவுவது போர் தண்ணீரில்தான். அந்த உப்புத் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் வெள்ளை வட்டமாக உப்பு நிற்கும். அப்படியே விட்டால் அது பெயிண்டுக்குள் இறங்கும். வேப்ப மரத்தடியில் நிறுத்தினால் காக்கை எச்சம். அதிலுள்ள அமிலம் மேல்பூச்சை அரிக்கும். கரும்புத் தோகை எரிக்கிற காலத்தில் கரித்தூள். இதையெல்லாம்விடப் பெரிய காரணம் நம் கையில் இருக்கிறது. காலையில் வண்டி எடுக்கும் அவசரத்தில், தண்ணீர்கூட ஊற்றாமல், திருப்பூர் பனியன் வேஸ்ட்டை எடுத்துப் புழுதியை அப்படியே துடைக்கிறோமே, அதுதான். புழுதி என்பது பொடியான மணல். துணியால் அதை இழுக்கும் ஒவ்வொரு முறையும் நாம் வண்டியை உப்புத்தாளால் தேய்க்கிறோம். பனியன் துணியில் தையல் முடிச்சு வேறு. வெயிலில் பார்த்தால், சிலந்தி வலைபோல் சூரியனைச் சுற்றி வட்டவட்டமாகக் கீறல் தெரியும். உண்மையில் அவை வட்டம் அல்ல. எல்லாத் திசையிலும் ஓடும் நேர்க்கீறல்கள்தாம். ஒளி குறுக்கே விழும் கீறல்கள் மட்டும் மின்னுவதால் வட்டம்போல் தோன்றுகின்றன.

இப்போது ஒருவரை மனதில் நிறுத்திக்கொள்வோம். கல்யாணத்துக்கும், ஆஸ்பத்திரிக்கும், கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்கும் வாடகைக்கு ஓட்டும் ஒரு டிரைவர் அண்ணன். வண்டி நன்றாக ஓடுகிறது. பானெட்டும் டாப்பும் மட்டும் மங்கிவிட்டன. “ஏனுங்கண்ணா, வேற வண்டி இல்லீங்களா?” என்று கல்யாண வீட்டார் கேட்கிறார்கள். முழு பெயிண்ட் அடிக்கலாம் என்றால் ஒரு மாத ஓட்டத்துக்கு மேல் செலவாகும். வண்டி பத்து நாள் பட்டறையில் நிற்கும். அவருக்கு முன்னால் இருக்கிற கேள்வி அழகைப் பற்றியது அல்ல, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைப் பற்றியது.

அவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தன் வண்டியின் மேல் என்ன இருக்கிறது என்பதை. தகரத்தின்மேல் துருவைத் தடுக்கும் ஒரு பூச்சு. அதன்மேல் பிரைமர். அதன்மேல் நிறம். எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத ஒரு பூச்சு. பட்டறையில் இதை கிளியர் கோட் என்பார்கள். நாம் பளபளப்பு என்று சொல்வதெல்லாம் இந்தக் கடைசிப் பூச்சின் வழவழப்புதான். எல்லா அடுக்கும் சேர்த்துப் பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான் வரை. நம் தலைமுடி ஒன்றின் தடிமனே ஏறத்தாழ 70 மைக்ரான். அப்படியென்றால், அந்த வண்டியின் மொத்தப் பளபளப்பும் ஒரு முடியைவிட மெல்லிய பூச்சில் நிற்கிறது.

தொழிற்சாலையில் வெறும் கூட்டாக இருக்கும்போதே பூசி, ஏறத்தாழ 140 டிகிரி சூட்டில் சுட்டு எடுத்த பூச்சு அது. சீட்டும் வயரும் பிளாஸ்டிக்கும் பூட்டிய பிறகு எந்தப் பட்டறையிலும் அந்தச் சூட்டில் சுட முடியாது. வண்டி வாங்க வருகிறவர்கள் பெயிண்ட் தடிமன் பார்க்கும் சிறு கருவியைக் கையில் கொண்டுவருவதும், மறுபெயிண்ட் அடித்த கதவைக் கண்டதும் “அடிபட்ட வண்டிங்களா?” என்று கேட்பதும் இதனால்தான். முதலில் கிடைத்த பூச்சு ஒரே ஒரு முறைதான் கிடைக்கிறது.

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. பாலிஷ் போடுவது என்றால் கீறலுக்குள் எதையோ நிரப்புகிறோம் என்று நினைக்கிறோம். இல்லை. கீறல் ஒரு பள்ளம். அதைச் சுற்றியுள்ள மேட்டைத் தேய்த்து, பள்ளத்தின் அடிமட்டத்துக்கு இறக்குகிறோம். மேடும் பள்ளமும் சமமானால் ஒளி சிதறாது, கீறல் தெரியாது. பாலிஷ் என்பது எதையும் சேர்க்கிற வேலை அல்ல, எடுக்கிற வேலை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எடுக்கிறோம். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது.

அதனால் எந்த மெஷின் என்பது பெரிய கேள்வி. சில இடங்களில் டைல்ஸ் வெட்டும் ஆங்கிள் கிரைண்டரிலேயே பஞ்சை மாட்டித் தேய்க்கிறார்கள். நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும் மெஷின் அது. பெயிண்டுக்கு அதைக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. பட்டறைகளில் இருப்பது ரோட்டரி மெஷின். நல்ல கைக்காரரிடம் அது நன்றாக வேலை செய்யும். ஆனால் ஒரே அச்சில் சுற்றுவதால், ஓர் இடத்தில் சில நொடி கூடுதலாக நின்றாலும் சூடேறிப் பூச்சு கருகிப்போகும். வீட்டில் செய்பவர்களுக்கு ஏற்றது டூயல் ஆக்‌ஷன் மெஷின். பெயரிலேயே இருக்கிறது, இரண்டு அசைவு. நம் வீட்டு வெட் கிரைண்டரில் பாத்திரம் ஒரு பக்கம் சுற்ற, உள்ளே கல் தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறதல்லவா, ஏறத்தாழ அதுபோல. தட்டு தன்னைத்தானே சுற்றிக்கொண்டே சின்ன வட்டத்தில் ஆடியும் வருகிறது. எந்தப் புள்ளியிலும் அது தொடர்ந்து நிற்பதில்லை. சூடு ஓரிடத்தில் சேர்வதில்லை.

இந்த மெஷினில் நமக்கு மிகவும் பிடித்த குணம் ஒன்று உண்டு. பெரும்பாலான மாடல்களில் தட்டு மோட்டாரோடு இறுக்கிப் பூட்டப்படவில்லை. ஒரு பேரிங்கில் தளர்வாக உட்கார்ந்திருக்கிறது. நாம் கோபத்தோடு அழுத்தினால் சுற்றுவதை நிறுத்திவிடும். வெறுமனே நடுங்கும், வேலை நடக்காது. தட்டின் விளிம்பில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள் அனுபவசாலிகள். கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். கோடு நின்றுவிட்டால் நம் கை அளவுக்கு மீறிவிட்டது.

சகோதர சகோதரிகளே, நம் வீடுகளிலும் அந்தக் கோடு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பிள்ளையைத் திருத்த வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. கீறல் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் பிளஸ் டூ மார்க்குக்காக ஒரு கோடை விடுமுறை முழுக்க ஒரே இடத்தில் நின்று தேய்த்த வீடுகள் நமக்குத் தெரியும். சோற்றுத் தட்டின் முன்னால், சொந்தக்காரர் முன்னால், பெரியப்பா மகன் எடுத்த மார்க்கைச் சொல்லிச் சொல்லி. அந்தப் பிள்ளை இன்று பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறான். மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறான். கிறிஸ்துமசுக்கு வருகிறான். அப்பாவோடு பத்து நிமிடத்துக்கு மேல் பேச அவனுக்கு எதுவும் இல்லை. திருத்தினோம், உண்மைதான், திருத்திய இடத்தில் மேல்பூச்சு போய்விட்டது. கணவன் மனைவிக்குள்ளும் இப்படி நடக்கிறது. வயதான மாமியாரிடம் மருமகளும், மருமகளிடம் மாமியாரும் இப்படித் தேய்க்கிறார்கள். பங்குச் சாமியார்கள் நாங்களும் பீடத்தில் நின்று சில நேரம் அழுத்திவிடும் ஆபத்து உண்டு என்பதை மறுக்கவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். அந்த டிரைவர் அண்ணன் ஒரு மெஷினை இரவல் வாங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் நாள் மெஷினைத் தொடவே வேண்டாம். கழுவுவதுதான் அன்றைய வேலை. நிழலில், தகடு கையால் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும் நேரத்தில். இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிய பிறகே ஷாம்பு வாளியில் நனைக்க வேண்டும். இல்லாவிட்டால் எடுத்த மணலையே திரும்பப் பூசுகிறோம். உப்புக் கறைக்குத் தண்ணீர் கலந்த வினிகர் உதவும். கழுவிய பின் கையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவிப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பெல்லாம் விரலுக்குத் தெரியும். அதை எடுக்கத்தான் கிளே பார் என்ற களிமண் போன்ற கட்டி. ஷாம்புத் தண்ணீர் தெளித்து, அழுத்தாமல் ஓட்ட வேண்டும். கட்டி கீழே விழுந்தால் எடுத்துத் துடைத்து மறுபடி போடுவது கூடாது. அதை விட்டுவிட வேண்டியதுதான், மண் ஏறியிருக்கும்.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் நல்லது. நம் பக்கத்து வெயிலில் பத்து மணிக்கெல்லாம் தகடு சூடாகிவிடும், மருந்து உடனே காய்ந்துவிடும். ரப்பர், பிளாஸ்டிக் ஓரங்களில் மாஸ்கிங் டேப். கதவின் விளிம்பு, பானெட்டின் மடிப்புக்கோடு இவற்றின்மேலும் டேப் ஒட்டுவது நல்லது. மேடான இடத்தில் பூச்சு மிக மெல்லியதாக இருக்கும். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க். வயரைத் தோளின்மேல் போட்டுக்கொண்டால் பெயிண்டில் உரசாது. அன்றைக்கு மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளா என்று பேப்பரில் பார்த்துக்கொள்வதும் புத்திசாலித்தனம்!

இனி முக்கியமான இடம். முழு வண்டியிலும் இறங்கக் கூடாது. இரண்டு அடிக்கு இரண்டு அடி இடம் ஒன்றைத் தேர்ந்து, அங்கே சோதித்துப் பார்க்க வேண்டும். கையில் இருப்பதிலேயே மென்மையான பஞ்சு பேட், மென்மையான மருந்து, இதில்தான் தொடக்கம். பேடில் பட்டாணி அளவு நான்கைந்து சொட்டு. வேகத்தை ஒன்றில் வைத்துப் பரப்பிவிட்டு, நான்கு அல்லது ஐந்துக்கு ஏற்றி, நொடிக்கு ஓர் அங்குலம் நகரும் அளவுக்கு மெதுவாக, நெடுக்காக ஒரு முறை, குறுக்காக ஒரு முறை, ஒரு வரி முந்தைய வரியின் பாதியை மூடும்படி. மெஷினைத் தகட்டில் வைத்த பிறகு சுவிட்ச் போடுவது, நின்ற பிறகு எடுப்பது. நான்கைந்து முறை போனபின் துடைத்துப் பார்க்கலாம். கீறல் போகவில்லை என்றால்தான் ஒரு படி கடினமான பேடுக்கோ மருந்துக்கோ போக வேண்டும். மென்மையானதே போதும் என்று தெரிந்த பிறகும் வேகம் வேண்டும் என்று கடினமானதை எடுக்கும் ஆசை வரும். அந்த ஆசைக்குச் செலவாவது வண்டியின் ஆயுள். வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் இந்த மேல்பூச்சுதான். அதை அதிகம் எடுத்துவிட்டால் இன்று பளபளக்கும், சில வருடத்தில் வெளுத்துத் தோல் உரியும்.

புதிதாகச் செய்பவருக்கு முழு வண்டிக்கும் ஒரு நாள் போதாது. இறைவாக்கினர் மலாக்கி வெள்ளியைப் புடமிடுபவரைப் பற்றிப் பேசும்போது, அவர் அமர்ந்திருப்பதாகச் சொல்கிறார். நெருப்பின் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே செய்கிற வேலை. இதுவும் அந்த இனம்தான்.

துடைத்தவுடன் மின்னுவதைக் கண்டு ஏமாறவும் கூடாது. மருந்தில் எண்ணெய் இருக்கிறது. அது கீறலுக்குள் போய் உட்கார்ந்து, கீறல் போய்விட்டதுபோல் காட்டும். இரண்டு முறை கழுவினால் பழைய கீறல் சிரிக்கும். அதனால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு கலந்து தெளித்துத் துடைத்துவிட்டு, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். சாய்ந்த ஒளியில்தான் உண்மை தெரியும். வாரம் ஒருமுறை இரவில் மனச்சான்றை ஆய்ந்து பார்க்கிறவர்களுக்கு இந்த டார்ச் புதிதல்ல.

சில கீறல்களை விட்டுவிட வேண்டும். நகத்தால் குறுக்கே தடவும்போது நகம் மாட்டுகிறதென்றால், அந்தக் கீறல் ஆழமானது. அதன் அடிமட்டம் வரை தேய்த்தால் பூச்சே மிஞ்சாது. அதன் ஓரங்களை மட்டும் மழுங்கவைத்து, அது இருக்கட்டும் என்று விடுவதுதான் நல்ல கைக்காரரின் அடையாளம். பூச்சு ஏற்கெனவே தோல்போல் உரிந்து, வெள்ளைத் திட்டாக இருக்கும் இடத்தில் எந்த மெஷினும் எதையும் திரும்பக் கொண்டுவராது. அங்கே பட்டறைக்குத்தான் போக வேண்டும், அந்த ஒரு பகுதிக்கு மட்டும். இன்னொன்று: பழைய அம்பாசிடர் மாதிரி வண்டிகள் பலவற்றில் கிளியர் கோட்டே கிடையாது. தேய்க்கும்போது பேடில் வண்டியின் நிறமே வந்தால் பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். ஆனால் கிளியர் கோட் உள்ள வண்டியில் நிறம் வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

விற்கப்போகிற வண்டிக்குப் பாலிஷ் போடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. தாராளமாகப் போடலாம். பெண் பார்க்க வருகிறபோது வீட்டைக் கூட்டிப் பெருக்குவதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு கதவு அடிபட்டு, பட்டி போட்டு, மறுபெயிண்ட் அடித்தது என்றால், மின்னுகிற மேல்பூச்சின்மேல் கையை வைத்துக்கொண்டு “கம்பெனி பெயிண்ட்டுங்க” என்று சொல்வது வேறு கணக்கு. வாங்குகிறவரும் நம்மைப்போல் நகையை அடகு வைத்துத்தான் வந்திருப்பார்.

வேலை முடிந்தபின் வாக்ஸ் அல்லது சீலன்ட் மெல்லியதாகப் பூசிவிட்டால் அடுத்த சில மாதங்களுக்குத் தண்ணீர் நிற்காமல் வழிந்தோடும். பனியன் வேஸ்ட்டை எஞ்சினுக்கும் கைக்கும் வைத்துக்கொள்ளலாம். பெயிண்டுக்கு இனி மைக்ரோஃபைபர் துணி, அதுவும் ஓரத்து லேபிளை வெட்டி எடுத்த பிறகு. ஒழுங்காகக் கழுவினால் இரண்டு மூன்று வருடத்துக்கு மறுபடி மெஷின் தேவைப்படாது.

இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை தேவைப்படும் மெஷினை வீட்டுக்கு ஒன்று வாங்க வேண்டியதில்லை. ஒரு தெருவுக்கு ஒன்று இருந்தால் போதும். அன்பியத்தில் நான்கு பேர் சேர்ந்து வாங்கினால் இன்னும் எளிது. இரவல் கேட்டு வருகிறவருக்குத் தட்டில் போட்ட அந்த மார்க்கர் கோடு எதற்கு என்பதை முதலில் சொல்லிக் கொடுப்போம். பேடுகளை மட்டும் அவரவர் சொந்தமாக வாங்கிக்கொள்வது நல்லது. இல்லையென்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, பிழிந்து, நிழலில் காயவைத்துக் கொடுப்போம். ஒருவர் வீட்டு மணல் அடுத்தவர் வண்டிக்குப் போக வேண்டாம்.